ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைக்கு மெயின்டனன்ஸ் காலம்: மாத்திரை, கவுன்ட், இம்யூனோதெரபி

முதல் ஆறேழு மாதம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த பிறகு, மஜ்ஜையில் நோய் இல்லை என்று சொல்லி ஒரு மாத்திரைப் பையையும் ஒரு நோட்டையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் வைத்தியம் நடக்கும் இடம் உங்கள் வீட்டு அலமாரிதான். இந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் மெயின்டனன்ஸ். இந்தியாவில் பல மையங்கள் பின்பற்றும் ஐசிக்கிள் என்ற சிகிச்சை நெறிமுறையில் இது 96 வாரம். இங்கே சொல்வதெல்லாம் ஏஎல்எல் (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) என்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு. ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுகேமியா) வகைக்கு வழி வேறு.

வீட்டுக்கு வந்த கையோடு யாராவது உறவுக்காரர் ஒரு வீடியோ அனுப்புவார். "கீமோ எதுக்கு, இப்போ இம்யூனோதெரபி வந்துடுச்சே" என்பார். அந்தக் கேள்வியை முதலில் முடித்துக்கொள்வோம்.

இம்யூனோதெரபி எங்கே வருகிறது

உடம்பின் எதிர்ப்பு அணுக்களையே நோயின் மேல் ஏவும் வைத்தியம் இம்யூனோதெரபி. பிள்ளைகளின் ஏஎல்எல்-இல் அது இன்று முக்கியமாக பிளினாட்டுமோமாப் என்ற மருந்து. இது ஒரு முனையால் உடம்பின் எதிர்ப்பு அணுவான டி செல்லையும் மறுமுனையால் லுகேமியா செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற அடையாளத்தையும் பிடித்து இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும்; டி செல் அதைக் கொல்லும். அந்த அடையாளம் பி செல்லில் தோன்றும் லுகேமியாவில்தான் இருப்பதால் பி-செல் வகைக்குத்தான் பயன்படும். டி-செல் ஏஎல்எல் பிள்ளைக்கு சிடி19 கிடையாது, இந்த மருந்தும் கிடையாது. எதிர்ப்பு சக்தி டானிக், நிலவேம்புக் கஷாயம், "இம்யூனிட்டி ஊசி" என்று விற்கப்படுகிற எதற்கும் இதோடு சம்பந்தமில்லை. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் வெளியான பெரிய ஆய்வில் சாதாரண அபாயப் பிரிவைச் சேர்ந்த 1,440 பி-செல் ஏஎல்எல் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 87.9 சதவீதம், இடையில் இரண்டு சுற்று பிளினாட்டுமோமாப் சேர்த்தவர்களில் 96 சதவீதம். நல்ல முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் வீடியோக்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: பிளினாட்டுமோமாப் பெற்ற பிள்ளைகளும் அதற்குப் பிறகு மெயின்டனன்ஸ் மாத்திரையை முழுக் காலத்துக்கும் சாப்பிட்டார்கள். மருந்து கீமோவுடன் சேர்ந்தது. மெயின்டனன்ஸின் இடத்தைப் பிடிக்கவில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

ஆகவே இதைக் கேட்க வேண்டிய நேரம் மெயின்டனன்ஸுக்கு முன்னால். முதல் மாதக் கீமோ முடிந்ததும், மிஞ்சிய நோயைத் தேடும் எம்ஆர்டி பரிசோதனை வரும். 10,000 செல்லில் ஒரு நோய்ச் செல் மிஞ்சியிருந்தாலும், அதாவது 0.01 சதவீதம், அது காட்டிக்கொடுக்கும். அந்த ரிப்போர்ட் வரும் நாளில் டாக்டரிடம் கேளுங்கள்: பி வகையா டி வகையா, சிடி19 இருக்கிறதா, எம்ஆர்டி எவ்வளவு, எந்த அபாயப் பிரிவு, நோய்ச் செல்லில் பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் இமாட்டினிப் அல்லது டாசாட்டினிப் மாத்திரை சேரும். அந்தப் பிள்ளையின் பாதை தனி.

மருந்து கிடைக்கிறது என்றால் அது நம் காவிரி டெல்டாவிலிருந்து எப்படி நடக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு சுற்று என்பது 28 நாள், இரவும் பகலும் பம்ப் வழியாக நிற்காமல் ஏறுவது. முதல் சுற்றின் முதல் மூன்று நாளாவது வார்டில் இருந்தாக வேண்டும். காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, தடுமாற்றம், வலிப்பு, கை நடுக்கம் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். மருந்து ஓடும் குழாயை யாரும் சலைன் விட்டு அலசக் கூடாது. குழாயில் நிற்கிற மருந்து ஒரே அடியாக உள்ளே போய்விடும். பை மாற்ற நர்ஸ் வேண்டும், பம்ப் நின்றால் உடனே ஆள் வேண்டும். மன்னார்குடியிலோ வேதாரண்யத்திலோ வீட்டிலிருந்தபடி நடத்துவது நடக்காத காரியம். சென்னையிலோ புதுச்சேரியிலோ மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கும் செலவையும் மருந்தின் பல லட்சத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். மருந்து பி செல்களையெல்லாம் துடைத்துவிடுவதால் பல மாதம் கிருமியை எதிர்க்கும் புரதம் குறைவாகவே இருக்கும். இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டி வரலாம்.

கார்-டி (நோயாளியின் டி செல்லை எடுத்து ஆய்வகத்தில் மாற்றித் திருப்பி ஏற்றுவது) என்பது நோய் திரும்பி வந்தவர்களுக்கும் மருந்துக்கு அடங்காதவர்களுக்கும். மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது 15 வயதும் அதற்கு மேலும். நோய் அடங்கியிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சே வராது.

எங்கள் கணிப்பு இது: கையில் அளவான பணம் இருக்கிற குடும்பம் அதை முதலில் எம்ஆர்டி பரிசோதனைக்கும், மாத்திரை ஒரு நாளும் தீராமல் இருப்பதற்கும், காய்ச்சல் இரவில் கார் பிடிப்பதற்கும் ஒதுக்கட்டும். அதற்கு மேல் பிளினாட்டுமோமாப் கிடைத்தால் சந்தோஷம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தக் கட்டம் அதில் வருகிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு மாத்திரை, ஒரு காலண்டர்

தினமும் இரவு 6-எம்பி, அதாவது மெர்காப்டோப்யூரின். வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். இதுதான் முதுகெலும்பு. மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். (மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கிய அமெரிக்க ஆய்வகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம்ம ஊர்ப் பக்கம் இது பலருக்குத் தெரியாது.)

அளவு, பிள்ளையின் உயரமும் எடையும் சேர்ந்த உடற்பரப்பைப் பொறுத்தது. 6-எம்பி ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 50 முதல் 75 மி.கி., மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு 20 மி.கி. என்பது பொதுவான தொடக்கம். 0.8 சதுர மீட்டர் பிள்ளைக்கு 50 கணக்கில் நாளுக்கு 40 மி.கி. வரும். கடையில் இருப்பதோ 50 மி.கி. மாத்திரை. அதனால் வாரக் கணக்கில் பிரிப்பார்கள்: 40ஐ ஏழால் பெருக்கினால் 280, நான்கு நாள் முழு மாத்திரை, மூன்று நாள் அரை மாத்திரை என்றால் 275. போதுமான நெருக்கம். இது கணக்கு புரிவதற்கு மட்டும். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பது சீட்டில் எழுதியிருப்பதுதான். பிள்ளை வளரும், எடை கூடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை "உயரம் எடை பார்த்து அளவை மாத்தணுமா" என்று நீங்களே கேளுங்கள். கூட்டம் அதிகமுள்ள ஓபியில் இது தவறிப்போவதுண்டு.

மாத்திரைகளை வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, ஏழு அறை உள்ள டப்பாவில் பிரித்து வையுங்கள். மாத்திரை வெட்டும் கருவி மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அருவாமனையிலும் பிளேடிலும் வெட்டினால் பாதி ஒரு பக்கம் பெரிதாகவும் தூளாகவும் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுப்பவரோ இருந்தால் அவர் இதைத் தொட வேண்டாம். அந்தக் கருவியை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

சுவரில் தினசரி காலண்டர் மட்டும் இருந்தால் போதாது. தாளைக் கிழித்ததும் கணக்கும் குப்பைக்குப் போய்விடும். ஒரு மாதத் தாள் காலண்டரை அலமாரிக்கு உள்பக்கம் ஒட்டி, மாத்திரை வாயில் போய் விழுங்கியதைப் பார்த்த பிறகு டிக் போடுங்கள். டப்பாவிலிருந்து எடுக்கும்போது போடாதீர்கள். நாக்கடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பும் பிள்ளைகள் நிறைய; பன்னிரண்டு வயதுக்கு மேல் "நானே போட்டுக்கறேன்" என்பவர்கள் இன்னும் கவனம். அந்த வயதில்தான் அதிகம் விட்டுப்போகிறது.

டிக் ஏன் இவ்வளவு முக்கியம்? 6-எம்பியில் 95 சதவீதத்துக்குக் கீழே சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 95 சதவீதம் என்றால் கேட்க நிறைய. முப்பது நாளில் இரண்டு நாள் விட்டாலே 93 தான். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நாள், கும்பகோணத்தில் கல்யாணத்துக்கு ஒரு நாள், பை வீட்டிலேயே இருந்துவிட்டது. முடிந்தது.

மறந்துவிட்டால் அன்றிரவே ஞாபகம் வரும்போது கொடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள். அரை மணிக்குள் வாந்தியெடுத்து அதில் மாத்திரை தெரிந்தால் திரும்பக் கொடுக்கச் சொல்வது வழக்கம், ஆனாலும் உங்கள் மையத்தின் விதியை முன்பே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பாலோடு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாலில் இருக்கும் ஒரு என்சைம் மருந்தை உடைக்கும் என்று முன்பு தடுத்தார்கள். பிற்பாடு பார்த்ததில் பாலோடு சாப்பிட்டவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியதாகத் தெரியவில்லை. தினம் ஒரே நேரம் என்பதுதான் பெரிது.

இரவில் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் பட்டினியாகத் தூங்கும் சின்னப் பிள்ளைக்கு, இந்த மாத்திரையால் விடிகாலையில் சர்க்கரை இறங்கலாம். எழுந்ததும் வியர்த்து, துவண்டு, பேச்சுக்குப் பதில் தராமல் இருந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு. இது ஒரு தடவை நடந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டில் நடக்கும் தவறுகள் உயிருக்கே வருபவை. வாரம் ஒரு நாள் மருந்தைத் தினமும் கொடுத்தால் வாய் முழுதும் புண்ணாகி, கவுன்ட், அதாவது ரத்த அணு எண்ணிக்கை, தரையைத் தொட்டு, பிள்ளையே போய்விடலாம். நாளைத் தேர்ந்தெடுங்கள்: வெள்ளிக்கிழமை இரவு வசதி, மறுநாள் குமட்டினாலும் பள்ளிக்கூடம் இல்லை. காலண்டரில் எல்லா வெள்ளியையும் சிவப்பில் வட்டமிடுங்கள். இரண்டாவது, வலிமை. 2.5 மி.கி. மாத்திரை ஆறு சாப்பிடும் பிள்ளைக்கு, கடையில் 2.5 இல்லையென்று 10 மி.கி. அட்டையைக் கொடுத்து, வீட்டில் வழக்கம்போல் ஆறு எடுத்துவைத்தால் 60 மி.கி., நான்கு மடங்கு. ஒவ்வொரு முறையும் அட்டையில் அச்சிட்ட எண்ணை உரக்கப் படித்துவிட்டே டப்பாவில் போடுங்கள். மூன்றாவது, மூட்டுவலிக்கு இதே மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கடைக்காரர் அதையும் பையில் போடலாம், பாட்டி ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச் சத்து டானிக் வாங்கலாம், அதிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும். மருந்து அடைக்க வேண்டிய வழியையே அது திறந்துவிடும். டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

முதுகுத்தண்டு ஊசி போடும் வாரத்தில் பல நெறிமுறைகளில் வாய்வழி மெத்தோட்ரெக்ஸேட் கிடையாது. ஊசி ஏறக்குறைய 12 வாரத்துக்கு ஒரு முறை. அந்த வாரத்தை முன்கூட்டியே காலண்டரில் அடித்துவிடுங்கள்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசியும் ஐந்து நாள் ஸ்டீராய்டும் சில மையங்களில் மாதம் ஒரு முறை, சிலவற்றில் மூன்று மாதம் ஒரு முறை. ஊசிக்குப் பின் மலச்சிக்கல், தாடைவலி வரும். பிள்ளை நடக்கும்போது ரப்பர் செருப்பு காலில் நிற்காமல் நழுவுகிறது, மாடிப்படியில் நுனிக்கால் தட்டுகிறது என்றால் நரம்பு பாதிக்கப்படுகிறது. அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதைக் கடுமையாக்கும், ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் வின்கிறிஸ்டின் ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கவுன்ட் படிப்பது

ஏஎன்சி என்பது கிருமியோடு சண்டையிடும் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை. உள்ளூர் லேபில் அதைத் தனியாகப் போடமாட்டார்கள், நீங்களே பார்க்கலாம். மொத்த வெள்ளையணு 2,800, நியூட்ரோஃபில் 42 சதவீதம் என்றால் 2,800ஐ 42 ஆல் பெருக்கி 100 ஆல் வகுக்க 1,176. வேண்டியது பெரும்பாலும் 500-க்கும் 1,500-க்கும் நடுவே. சில மையங்கள் 750-இலிருந்து தொடங்கும்.

வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஏஎன்சி 4,000 வந்தால் "கவுன்ட் சூப்பரா இருக்கு" என்று மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறார்கள். மெயின்டனன்ஸில் தொடர்ந்து 1,500-க்கு மேல் இருப்பது நல்ல செய்தி அல்ல. மருந்து போதவில்லை அல்லது உள்ளே போகவில்லை. கிருமித் தொற்றும் ஸ்டீராய்டும் தற்காலிகமாக ஏற்றும் என்பதால் ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே இருந்தால் அளவைக் கால் பங்கு ஏற்றுவது வழக்கம். ஏற்றுவதற்கு முன் டாக்டர் "ஒழுங்கா போடறீங்களா" என்று கேட்பார். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். சாப்பிடாத மருந்துக்கு அளவை ஏற்றி, பிறகு நீங்கள் ஒழுங்காகக் கொடுத்தால் கவுன்ட் பாதாளத்துக்குப் போகும்.

500-க்குக் கீழோ, பிளேட்லெட் 50,000-க்குக் கீழோ போனால் இரண்டு மாத்திரையையும் நிறுத்தி வைப்பார்கள். ஏறிய பிறகு மறுபடி தொடங்குவார்கள். இதுவும் போனில் கேட்டுத்தான், சொந்த முடிவில் இல்லை. வழக்கமான அளவிலேயே திரும்பத் திரும்ப விழுகிற பிள்ளைக்கு நுட்15 என்ற மரபணு மாறுபாடு இருக்கலாம். ஆசியர்களிடம் இது சகஜம். பரிசோதித்துவிட்டு மிகச் சிறிய அளவில் கொடுத்தாலே அந்தப் பிள்ளைக்குப் போதும்.

ஈரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி ஏறுவது இந்த மாத்திரைகளின் குணம். பல மடங்கு ஏறினாலும் பிலிருபின் சரியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தைத் தொடர்வார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் "லிவர்" என்று பார்த்ததும் நம் பக்கத்தில் கொல்லையில் கீழாநெல்லி பறிக்கப் போய்விடுவார்கள். வேண்டாம். வேறு எதுவும் உள்ளே போகாமல் இருந்தால்தான் ஏறுவது எதனால் என்று டாக்டருக்குப் புரியும். கண் மஞ்சளானால் அன்றே சொல்லுங்கள்.

காய்ச்சல், அம்மை, வயல்

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நின்றாலோ, 101 ஒரு முறை தொட்டாலோ கிளம்புங்கள். அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆசனவாயில் கூடாது. அளந்து எழுதும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மறைந்துபோகும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை காத்திருப்பதும் சரியில்லை. ரத்தக் கல்ச்சர் எடுத்து நரம்பில் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏற்றக்கூடிய பக்கத்து மருத்துவமனை எது என்று நல்ல நாளிலேயே பார்த்துவையுங்கள். உங்கள் மையத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி லேமினேட் செய்து கொள்ளுங்கள்: நோய், நடக்கும் மருந்து, "காய்ச்சலில் ஒரு மணிக்குள் ஆன்டிபயாடிக்", டாக்டரின் போன் எண். இரவு டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர் அதைப் பார்த்ததும் வேலையைத் தொடங்கிவிடுவார். இடுப்பில் ஊசி போடவேண்டாம் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் காய்ச்சலே தெரியாமல் தொற்று வரும். வயிற்றுவலி, சோர்வு, கைகால் சில்லிடுவது இருந்தால் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள்.

நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்க வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் கோட்ரைமாக்ஸசோல் உண்டு. கீமோ மாத்திரை நிறுத்தினாலும் இதை நிறுத்துவதா என்று தனியாகக் கேளுங்கள்.

அம்மை (சிக்கன் பாக்ஸ்) போட்ட வீட்டுக்கு இந்தப் பிள்ளை போகக் கூடாது. தெருவிலோ வகுப்பிலோ அம்மை கண்ட பிள்ளையோடு விளையாடியது தெரிந்தால் அன்றே போன் செய்யுங்கள். தடுப்புப் புரத ஊசி 96 மணிக்குள் போட்டால்தான் நல்ல பலன். இந்தப் பிள்ளைக்கே கொப்புளம் வந்தால் வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் இங்கே பொருந்தாது. நுரையீரலுக்கும் ஈரலுக்கும் இறங்கும், உயிர் போகும். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், வேப்பிலையும் வையுங்கள், ஆனால் ஏசைக்ளோவிர் மருந்து நரம்பில் ஏற வேண்டும். போலியோ சொட்டு மருந்தை இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். தம்பி தங்கைக்கும் ஊசி வழியாகவே போடமுடியுமா என்று கேளுங்கள்.

பழைய சோறு, வெளியே விற்கும் வெட்டிய பழம், பச்சைச் சட்னி இவை கவுன்ட் இறங்கிய வாரங்களில் வேண்டாம். வீட்டில் சுடச்சுடச் சமைத்த மீனும் முட்டையும் தாராளமாக. நடவு நேரத்தில் வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவதும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் குளிப்பதும் இந்த இரண்டு வருடம் இல்லை. நனைந்த நெல்வயல் மண்ணில் மெலியாய்டோசிஸ் கிருமி இருக்கும், எலிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரா. காலில் சின்னக் கீறல் போதும். பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம்.

ஐப்பசிக்கு முன்னால்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர்ப் பக்கம் பல ஊர்களில் சாலையும் மின்சாரமும் நாள்கணக்கில் இல்லை. புரட்டாசி கடைசி ஓபியில் வழக்கமான மாத்திரைக்கு மேல் இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அட்டைகளைக் கழற்றாமல், நன்றாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். ஈரக் காற்றில் வெட்டிய அரை மாத்திரை சீக்கிரம் மாவாகும், ஆகவே மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வெட்டி வைக்காதீர்கள். சிகிச்சை நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வேறொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்து பிள்ளைக்கு அப்போது கவுன்ட் குறைவென்றால், மழைக்கு முன்பே தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

சென்னைக்கு மாதாமாதம் போகிறவர்கள் ரயில்வே சலுகைப் படிவத்தை மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் கழிவு.

கடைசி மாத்திரை முடிந்த பிறகும் கோட்ரைமாக்ஸசோல் சில மாதம் ஓடும், காய்ச்சல் விதியும் அதுவரை அப்படியே. விட்டுப்போன தடுப்பூசிகளைச் சுமார் ஆறு மாதம் கழித்துப் போடுவார்கள். கீமோ முடிந்து முதல் வருடம் மாதம் அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கவுன்ட் பார்ப்பார்கள். வெளுப்பு, தோலில் சிவப்புப் புள்ளி, கழுத்தில் கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி, பையனுக்கு விரை வீக்கம் வந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மீந்த 6-எம்பி, மெத்தோட்ரெக்ஸேட் அட்டைகளைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல் மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.